ஒரு துளி ஈரம் (வாயுக்களின் கதை – 5)

சென்ற வாரம், மாடிப்படி ஓரத்தில் நிறுத்திவைத்த ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயோடு முடித்தோம். அடியில் வளைந்து, குட்டைப் பக்கம் மூடியிருந்த குழாய். நெட்டைப் பக்கத்தில் பாதரசத்தை ஊற்ற ஊற்ற, குட்டைப் பக்கத்தில் சிக்கிய காற்று ஒடுங்கிக்கொண்டே போனது. அழுத்தம் இரு மடங்கானால் கனஅளவு பாதி. 1662-ல் ராபர்ட் பாயில் அச்சிட்ட அட்டவணை சொன்னது அதைத்தான். பிரான்சில் எட்மே மாரியோத் 1676-ல் தன் வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

அழுத்தமும் கனஅளவும் கைக்குள் வந்துவிட்டன. வெப்பம் மட்டும் வெளியே நின்றது.

பாயில் அதைக் கவனிக்காமல் இல்லை. ஒடுங்கிய காற்றின் அருகே மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டிப் பார்த்தார். காற்று விரிய முயல்வது தெரிந்தது. ஆனால் எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு விரிவு? ஒரு டிகிரி என்றால் இவ்வளவு என்று லண்டனும் பாரிஸும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வெப்பமானியே அன்று கிடையாது. அளக்க முடியாத ஒன்றை எந்த அட்டவணையில் எழுதுவது?

அந்த இடைவெளி அடைபட 140 ஆண்டுகள் ஆயின. இந்த வாரம் அந்த 140 ஆண்டுகளின் கதை.

*

அமோந்தோனின் கண்ணாடிக் குண்டு

கீயோம் அமோந்தோன் 1663-ல் பாரிஸில் பிறந்தவர். இளமையிலேயே செவித்திறனை இழந்தவர். கருவிகள் செய்வதில் அபாரமான கை. பாரோமீட்டர், ஈரப்பதமானி, வெப்பமானி என்று எதைத் தொட்டாலும் அதில் ஒரு திருத்தம் செய்யாமல் விடமாட்டார்.

1702-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அவர் வைத்த கருவி எளிமையானது. ஒரு கண்ணாடிக் குண்டு, அதனுள் காற்று, குண்டிலிருந்து இறங்கி வளைந்து மேலேறும் குழாயில் பாதரசம். குண்டைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்று பாதரசத்தைத் தள்ளும். காற்று விரிந்துவிடாதபடி மேலிருந்து இன்னும் கொஞ்சம் பாதரசத்தை ஊற்றி அதைப் பழைய இடத்திலேயே நிறுத்திவைத்தார். எத்தனை அங்குலப் பாதரசம் கூடுதலாகத் தேவைப்பட்டதோ, அதுதான் அழுத்தத்தின் ஏற்றம்.

கனஅளவைக் கட்டிப்போட்டுவிட்டு, வெப்பத்தையும் அழுத்தத்தையும் மட்டும் எதிரெதிரே நிறுத்திய முதல் சோதனைகளில் ஒன்று இது. அந்த யோசனைக்காகவே அவரைக் கொண்டாட வேண்டும்.

அவர் கண்டது இது. சாதாரண அறைச் சூட்டிலிருந்து கொதிநீரின் சூட்டுக்குக் கொண்டுபோனால், காற்றின் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. குண்டுக்குள் காற்று நிறைய இருந்தாலும், கொஞ்சமாக இருந்தாலும் அதே பங்குதான். இன்னொன்றும் கவனித்தார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டால், அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அதன் சூடு அதற்குமேல் ஏறுவதில்லை. வெப்பமானிக்கு அசையாத ஒரு குறி கிடைத்துவிட்டது.

அவருடைய வெப்பமானியில் பனிக்கட்டி உருகும்போது 51½ அங்குலம்; நீர் கொதிக்கும்போது 73 அங்குலம். குளிரக் குளிர இந்த எண் இறங்கிக்கொண்டே போகும். இறங்கி இறங்கி எங்கே போய் நிற்கும்? காற்றுக்குத் தள்ளும் வலுவே இல்லாமல் போகும் ஒரு கடுங்குளிர் இருக்க வேண்டும் என்று அமோந்தோன் எழுதினார். குளிருக்கு ஓர் அடித்தளம் உண்டு என்ற எண்ணம் இங்கேதான் முளைவிடுகிறது. அவருடைய எண்களை இன்றைய செல்சியஸ் அளவுக்கு மாற்றினால் அது சுமார் மைனஸ் 240 டிகிரி. இன்று நாம் அறிந்த எண் மைனஸ் 273.15. கண்ணாடிக் குண்டும் பாதரசமும் மட்டுமே வைத்துக்கொண்டு, 1702-ல், ஒரு மனிதர் அவ்வளவு அருகில் போயிருக்கிறார்.

1705-ல், 42 வயதில், அமோந்தோன் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செல்ல உடனே யாரும் வரவில்லை. காற்று என்றால் ஒரே பொருள் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். காற்றுக்குள் பல வாயுக்கள் உண்டு, ஒவ்வொன்றையும் தனியாகப் பிடித்துக் குடுவையில் அடைக்கலாம் என்பது தெரிய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜோசப் பிளாக், கேவண்டிஷ், பிரீஸ்ட்லி, லவாய்சியர் என்ற பெயர்களெல்லாம் அதன் பிறகுதான் வருகின்றன.

அவற்றில் ஒரு வாயு, கேவண்டிஷ் 1766-ல் விவரித்த இலேசான வாயு, 1783-ல் பாரிஸ் நகரத்தையே தெருவுக்கு இழுத்து வந்தது.

*

ஆறிச் சுருங்கிய பலூன்

1783 ஜூன் மாதம், தென்பிரான்சின் அனோனே ஊரில், காகித ஆலை நடத்திய மோன்ட்கோல்ஃபியர் சகோதரர்கள் துணியும் காகிதமும் சேர்த்துச் செய்த ஒரு பெரும் பையை வானில் ஏற்றினார்கள். அடியில் வைக்கோலும் கம்பளியும் எரிந்தன. அந்தப் புகையில் ஏதோ ஒரு விசேஷ வாயு இருக்கிறது, அதுதான் பையைத் தூக்குகிறது என்று அவர்கள் எண்ணினார்கள்.

விசேஷ வாயு எதுவும் இல்லை. சூடான காற்று, அவ்வளவுதான். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ நிற்கும். 100 டிகிரிக்குச் சூடாக்கினால் விரிந்து, அதே கன மீட்டரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே தங்கும். குறைந்த எடைதான் பையைத் தூக்கியது. வெப்பத்துக்கும் கனஅளவுக்கும் உள்ள உறவு, எழுதப்படுவதற்கு முன்பே வானில் ஏறிவிட்டது.

செய்தி பாரிஸை எட்டியது. அங்கே ஜாக் சார்லஸ் இருந்தார். 36 வயது. நிதி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பிறகு இயற்பியலுக்கு வந்தவர். சோதனைகளை மேடையில் செய்துகாட்டி விளக்குவதில் பெயர் பெற்றவர். அனோனேயில் என்ன வாயு பயன்பட்டது என்று அவருக்குத் தெரியாது. இலேசான வாயு என்றால் கேவண்டிஷின் வாயுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். இன்று நாம் ஹைட்ரஜன் என்கிறோம். காற்றைவிட 14 மடங்கு இலேசு.

ராபர்ட் சகோதரர்கள் என்ற இரண்டு கைவினைஞர்கள் அவருக்குக் கிடைத்தார்கள். டர்பன்டைனில் கரைத்த ரப்பரைப் பட்டுத்துணியில் பூசினால் வாயு கசியாது என்பது அவர்களுக்குக் கைவந்த வித்தை. 35 கன மீட்டர் கொள்ளும் ஒரு பட்டுக் கோளம் தைத்தாயிற்று. இனி நிரப்ப வேண்டியதுதான்.

அங்கேதான் சிக்கல்.

பீப்பாயில் அரை டன் இரும்புத் துண்டுகள். அதன்மேல் கால் டன் கந்தக அமிலம். கொதித்து நுரைத்து வாயு கிளம்பியது. ஈயக் குழாய் வழியாக அதைக் கோளத்துக்குள் செலுத்தினார்கள். இரும்பும் அமிலமும் சேரும்போது பீப்பாய் அனலாகச் சுடும். வாயுவும் அதே அனலோடு உள்ளே போனது. இடையில் குளிர்ந்த நீரின் வழியே செலுத்தி ஆற்றும் ஏற்பாடு இல்லை. பட்டுக் கோளம் உப்பும், அப்புறம் தளரும். மறுபடி வாயு செலுத்துவார்கள், உப்பும், மறுபடி தளரும். ஆகஸ்ட் 23 அன்று தொடங்கிய வேலை நாள்கணக்கில் இழுத்தது.

கசிவும் இருந்திருக்கும். ஆனால் கசிவே இல்லாவிட்டாலும் அந்தக் கோளம் தளர்ந்துதான் ஆகவேண்டும். 60 டிகிரியில் நுழைந்த வாயு 20 டிகிரிக்கு ஆறினால், இன்றைய கணக்குப்படி, அதன் கனஅளவில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். வாயுவோடு கலந்து வந்த நீராவி குளிர்ந்து நீராக இறங்கும்போது இன்னும் குறையும். சார்லஸின் பெயரைத் தாங்கப்போகும் விதி, அவர் கண்ணெதிரே, அவருடைய பட்டுத்துணிக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

கூட்டம் தாங்க முடியாமல், 26-ஆம் தேதி இரவோடு இரவாக, கோளத்தை ஷாம்ப் த மார்ஸ் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று ஈஃபிள் கோபுரத்தின் அடியில் விரிந்திருக்கும் அதே மைதானம். 27-ஆம் தேதி மாலை, மழையில், கயிறுகள் அவிழ்க்கப்பட்டன. கோளம் மேகத்துக்குள் மறைந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, 21 கிலோமீட்டர் தள்ளி, கோனெஸ் கிராமத்தில் விழுந்தது. வானத்திலிருந்து விழுந்து மூச்சுவிடுவதுபோல் அசைந்த அந்தப் பொருளைக் கண்டு மிரண்ட கிராமத்தார் வைக்கோல் வாரும் கவைகளால் குத்திக் கிழித்துவிட்டார்கள். இப்படி ஏதாவது வானில் தெரிந்தால் பயப்பட வேண்டாம் என்று அரசாங்கமே அறிக்கை விட நேர்ந்தது.

ஆனால் அது விழுந்ததே உயரத்தில் கிழிந்ததால்தான். தரையில் அதை முழுக்க உப்பவைத்து வாயைக் கட்டிவிட்டார்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது; பாயில் சொன்னபடி உள்ளே இருக்கும் வாயு விரிகிறது; விரிய இடமில்லை; துணி கிழிகிறது. ஒரே பலூன் இரண்டு பாடங்களையும் நடத்திவிட்டது. கீழே வெப்பத்தின் பாடம். மேலே அழுத்தத்தின் பாடம்.

சார்லஸ் இரண்டாவது பாடத்தை உடனே கற்றுக்கொண்டார். அடுத்த பலூனில் அடிக்கழுத்தைத் திறந்தே வைத்தார்; விரியும் வாயு தானே வெளியேறட்டும் என்று. 1783 டிசம்பர் 1 அன்று, துய்லெரி தோட்டத்திலிருந்து, ராபர்ட் சகோதரர்களில் இளையவரோடு அவரே ஏறினார். கையில் ஒரு பாரோமீட்டர், ஒரு வெப்பமானி. இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு இறங்கியதும் ராபர்ட் கூடையிலிருந்து குதித்துவிட, எடை குறைந்த பலூன் சார்லஸை மட்டும் தூக்கிக்கொண்டு சுமார் 3000 மீட்டர் உயரத்துக்குப் பாய்ந்தது. தரையில் அஸ்தமித்த சூரியனை மேலே மறுபடி பார்த்தார். குளிர் கடித்தது. காது வலித்தது. பிறகு வாழ்நாளில் அவர் பலூனில் ஏறவே இல்லை.

*

எழுதாமல் விட்டவர்

பறப்பதை விட்டாலும் கேள்வியை விடவில்லை. ஏறக்குறைய 1787-ல் சார்லஸ் தம் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வாயுக்களை எடுத்துக்கொண்டார். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கரியமில வாயு, சாதாரணக் காற்று. பனிக்கட்டியின் குளிரிலிருந்து கொதிநீரின் சூடுவரை அவற்றைக் கொண்டுபோனார்.

ஐந்தும் ஒரே அளவு விரிந்தன.

இதை அவர் அச்சிடவில்லை. கட்டுரையும் இல்லை, அட்டவணையும் இல்லை. மேடையில் பேசியும் செய்துகாட்டியும் பழகியவர். பொதுவாகவே மிகக் குறைவாக எழுதியவர். 1789-ல் புரட்சி வெடித்த பிறகு பாரிஸில் எத்தனையோ நல்ல வேலைகள் பாதியில் நின்றன. இந்தச் சோதனை அதற்கு முன்பே நின்றுவிட்டது. விளைவு, அடுத்த 15 ஆண்டுகள் ஐரோப்பாவே இந்த விஷயத்தில் குழம்பிக் கிடந்தது.

குழப்பம் சாதாரணமானதல்ல. கீத்தோன் த மோர்வோ தேர்ந்த வேதியியலர். வாயுக்களின் விரிவை அவரும் அளந்தார். அவருக்குக் கிடைத்தது ஒவ்வொரு வாயுவுக்கும் ஒவ்வோர் எண். அதிலும் எண்களுக்கிடையே பெரிய இடைவெளி. பிறர் அளந்தபோது வேறு எண்கள் வந்தன. ஒவ்வொரு வாயுவுக்கும் தனித்தனி விரிவு என்று நம்புவதே நியாயமாகத் தோன்றியது. ஈயம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரிகிறதே. பாதரசமும் சாராயமும் வெவ்வேறாக விரிகின்றனவே. வாயுக்கள் மட்டும் ஏன் ஒத்துப்போக வேண்டும்?

*

குடுவையை உலர்த்திய இளைஞர்

பாரிஸுக்குத் தெற்கே ஆர்கேய் என்ற சிற்றூர். வேதியியலர் பெர்தொல்லே அங்கே ஒரு வீடு வாங்கி ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவர் ஜோசஃப் லூயி கே-லூசாக். 1778 டிசம்பரில் பிறந்தவர். எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்தவர். வாயுக்களின் விரிவை ஒருமுறை ஒழுங்காக அளந்துவிட வேண்டும் என்று இறங்கியபோது வயது 23.

இது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் முடிகிற ஆசை அல்ல. ஒரு குளிர்காலக் காலையில் அளந்த வாயுவைக் கோடைப் பிற்பகலில் அளந்த வாயுவோடு வேதியியலர் ஒப்பிட வேண்டுமென்றால் இந்த எண் வேண்டும். பாரோமீட்டரை வைத்து மலையின் உயரத்தைக் கணக்கிடுகிறவருக்கும் வேண்டும். நட்சத்திரத்தின் ஒளி காற்றில் எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும் வானியலருக்கும் வேண்டும்.

கே-லூசாக் முதலில் செய்தது, முன்னோர் ஏன் முரண்பட்டார்கள் என்று யோசித்ததுதான். இந்தக் கதையின் திருப்பம் அந்த யோசனையில் இருக்கிறது.

அவர்களுடைய குடுவைகளில் ஈரம் இருந்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். குளிரில் அது இருப்பதே தெரியாது. குடுவையைக் கொதிநீருக்குள் இறக்கினால் அந்தச் சொட்டு ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு சுமார் 1,700 மடங்கு பெருகும். அரைக்கால் தேக்கரண்டிகூட இல்லாத ஒரு சொட்டு, ஒரு சிறிய தம்ளரை நிரப்பும் ஆவியாகிவிடுகிறது. அளப்பவர் அதையும் வாயுவின் விரிவு என்றே குறித்துக்கொள்கிறார். ஒரு சோதனையில் ஒரு சொட்டு, அடுத்ததில் இரண்டு. எண்கள் எப்படி ஒத்துப்போகும்? ஒரே மாதிரி நடந்துகொள்ளும் வாயுக்களை வெவ்வேறாகக் காட்டியது, கண்ணுக்கே தெரியாத அந்த ஈரம்தான்.

ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் உலர்த்துவது. குடுவை, குழாய், வாயு எல்லாமே. 

அடுத்து, சோதனை. கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம்.

உருண்டையான ஒரு கண்ணாடிக் குடுவை. அதன் வாயில் திறக்கவும் மூடவும் ஒரு திருகு. தொலைவிலிருந்தே அந்தத் திருகைத் திருப்பும்படி ஓர் இரும்புக் கோல். குடுவையை உலர்ந்த வாயுவால் நிரப்பி, வாயில் வளைந்த குழாயைப் பொருத்தி, ஒரு நீர்த் தொட்டிக்குள் அமிழ்த்துகிறார். தொட்டியைச் சூடாக்குகிறார். நீர் சூடேறச் சூடேற உள்ளே வாயு விரிகிறது. இடம் போதாமல் மிச்சம் வளைந்த குழாய் வழியே வெளியேறுகிறது. நீர் கொதிக்கிறது. காத்திருக்கிறார். இனி ஒரு குமிழியும் வரவில்லை. குடுவைக்குள் இருப்பது இப்போது கொதிநீரின் சூட்டில், வெளிக்காற்றின் அழுத்தத்தில் நிற்கும் வாயு. திருகை மூடுகிறார்.

இப்போது தொட்டியில் உருகும் பனிக்கட்டி. குடுவை முழுக்கக் குளிர்கிறது. வாய் நீருக்குள் இருக்கும்படி வைத்துத் திருகைத் திறக்கிறார். சுருங்கிய வாயு விட்டுக்கொடுத்த இடத்தில் நீர் விறுவிறுவென்று ஏறுகிறது, ஓரிடத்தில் நிற்கிறது. உள்ளும் புறமும் நீர்மட்டம் ஒன்றாகும்படி குடுவையைச் சரிசெய்து, மூடி, வெளியே எடுத்து, தராசில் நிறுக்கிறார்.

நீரின் எடை தெரிந்தால் வாயு எவ்வளவு சுருங்கியது என்பது தெரியும். குடுவை முழுவதன் கனஅளவு கொதிநிலையில் வாயுவின் கனஅளவு. அதில் நீரைக் கழித்தால் பனிநிலையில் அதே வாயுவின் கனஅளவு. இரண்டையும் வகுத்தால் விடை. குமிழி எண்ண வேண்டாம். குழாயில் கோடு பார்க்க வேண்டாம். தராசு மட்டும் சரியாக இருந்தால் போதும். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் குடுவையின் கால் பங்குக்குச் சற்று மேல் நீர் புகுந்தது.

முதலில் காற்று. பிறகு ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன். ஒன்றின்பின் ஒன்றாக எண்கள் எழுந்தன. பனிநிலையில் 100 பங்கு இருந்த வாயு, கொதிநிலையில்:

காற்று 137.50.
ஹைட்ரஜன் 137.52.
ஆக்சிஜன் 137.49.
நைட்ரஜன் 137.49.

நீரில் எளிதில் கரையும் வாயுக்களையும் எடுத்துப் பார்த்தார். ஈதரின் ஆவியையும் பார்த்தார். அவையும் அதே அளவுதான்.

*

1802 ஜனவரி 31

அன்று பாரிஸில் தேசிய நிறுவனத்தின் முன் கே-லூசாக் தம் கட்டுரையை வாசித்தார். எல்லா வாயுக்களும், ஆவிகளும், அழுத்தம் மாறாமல் இருந்தால், ஒரே அளவு வெப்பத்துக்கு ஒரே அளவு விரிகின்றன. ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும், பனிநிலையில் இருந்த கனஅளவில் 266.66-இல் ஒரு பங்கு.

அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் கவர்ந்தது எண்கள் அல்ல, ஒரு பத்தி. சார்லஸ் என்பவர் 15 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பண்பைக் கவனித்திருக்கிறார், அதை அவர் அச்சிடாததால் தற்செயலாகத்தான் எனக்குத் தெரியவந்தது என்று கே-லூசாக் அதில் எழுதுகிறார். நீரில் கரையும் வாயுக்கள் தனித்தனியாக விரிவதாக சார்லஸ் கண்டார், அந்த ஓர் இடத்தில் என் சோதனைகள் மாறுபடுகின்றன என்றும் சேர்க்கிறார். எழுதியிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சார்லஸிடம் ஒரு தாள்கூட ஆதாரம் கிடையாது. 23 வயது இளைஞர் ஒருவர் தம் முதல் பெரிய கட்டுரையில், பெயரைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தப் பத்தி இல்லாவிட்டால் நம் பள்ளிப் புத்தகங்களில் ‘சார்லஸ் விதி’ என்ற தலைப்பே இருந்திருக்காது.

பெயர் விஷயத்தில் வரலாறு அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. கனஅளவும் வெப்பமும் இணைந்த விதியை நாம் சார்லஸின் பெயரால் படிக்கிறோம். பிரான்சில் அதையே கே-லூசாக் விதி என்கிறார்கள். அழுத்தமும் வெப்பமும் இணைந்ததை நாம் கே-லூசாக்கின் பெயரால் படிக்கிறோம். அங்கே அது சார்லஸ் விதி. நூறு ஆண்டு முன்பே பாதரசத்தை ஊற்றி ஊற்றி அதைக் கண்ட அமோந்தோன் இரண்டு பக்கமும் விடுபட்டுப் போகிறார். இது அநியாயம்.

மான்செஸ்டரில் ஜான் டால்டன் என்ற பள்ளி ஆசிரியரும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தார். 1801 அக்டோபரிலேயே அங்குள்ள கழகத்தில் வாசித்துவிட்டார். எல்லா வாயுக்களும் ஒன்றுபோல விரியவில்லை என்று எண்ணக் காரணம் ஏதும் தெரியவில்லை என்பது அவர் தரப்பு. ஆனால் தராசோடும் உலர்ந்த குடுவையோடும் எதிர்வாதத்துக்கு இடமில்லாமல் நிறுவிக் காட்டியவர் கே-லூசாக்.

அவருடைய எண்ணும் கடைசிச் சொல் அல்ல. 1840-களில் ரெஞ்ஞோ இன்னும் கடுமையான சோதனைகளில் 100 பங்குக்கு 37.5 என்ற விரிவைச் சுமார் 36.65 என்று திருத்தினார். 266 என்பது 273 ஆனது அப்போதுதான். உலர்த்தியும்கூடக் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

*

7016 மீட்டர்

1804 செப்டம்பர் 16. கே-லூசாக் ஹைட்ரஜன் பலூனில் தனியாக ஏறினார். சில வாரங்களுக்கு முன் நண்பர் பியோவோடு ஏறியிருந்தார். இந்த முறை இன்னும் உயரம் போக வேண்டுமென்று தனியே. தரையில் வெப்பமானி ஏறக்குறைய 28 டிகிரி காட்டியது. உச்சியில் மைனஸ் 9.5. பாரோமீட்டரில் பாதரசம் 32.88 சென்டிமீட்டருக்கு இறங்கியிருந்தது. தரையில் இருந்ததில் பாதிகூட இல்லை. கணக்கிட்ட உயரம் 7016 மீட்டர். மூச்சு திணறியது, கை விறைத்தது, அந்த நிலையில் வெறுமையாக்கிய குடுவைகளைத் திறந்து மேல்காற்றைப் பிடித்து அடைத்தார். இறங்கியபின் சோதித்ததில், அங்கேயும் ஆக்சிஜனின் பங்கு தரையில் உள்ளதேதான்.

அன்று ஒரு கன மீட்டர் தரைக்காற்றை ஒரு தளர்ந்த பையில் கட்டி அவரோடு மேலே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாயிலை மட்டும் கேட்டால், அழுத்தம் குறைந்த அளவுக்கு விரிந்து ஏறக்குறைய 2.3 கன மீட்டர் ஆகியிருக்கும் என்பார். 1802-இன் விதியையும் சேர்த்துக் கேட்டால், 37 டிகிரி குளிர்ந்ததில் சுருங்கி, ஏறக்குறைய 2 கன மீட்டரில் நின்றிருக்கும். அழுத்தம் விரிக்கிறது, குளிர் சுருக்குகிறது. இனி அழுத்தம், கனஅளவு, வெப்பம் மூன்றையும் பிரித்துப் பேச வழியில்லை. மூன்றையும் ஒரே சமன்பாட்டில் கிளாபேரோன் கட்டியது 1834-ல். அது பின்னால் வரும்.

*

எல்லாம் ஏன் ஒரே மாதிரி?

எண்கள் சரி. அவற்றின் பொருள்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

கரியமில வாயு ஹைட்ரஜனைவிட 22 மடங்கு கனமானது. ஒன்று தீயை அணைக்கும். மற்றொன்று தானே தீப்பற்றும். எடையிலும் வேதியியல் குணத்திலும் இவ்வளவு வேறுபட்டவை, ஒரு டிகிரி சூட்டுக்கு மட்டும் ஏன் ஒன்றுபோலத் தலையசைக்கின்றன?

அந்தக் காலத்தின் விடை லவாய்சியருடையது. வெப்பம் என்பது எடையற்ற ஒரு பாய்மம். அதற்குக் கலோரிக் என்று பெயர். வாயுவின் துகள்களைச் சுற்றி அது போர்வைபோல் படர்ந்து, ஒன்றையொன்று தள்ளிவைக்கிறது. சூடாக்கினால் போர்வை தடிக்கிறது, துகள்கள் விலகுகின்றன. துகள்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன, நகர்வதில்லை. கே-லூசாக், டால்டன், லாப்லாஸ் எல்லாரும் இந்தச் சட்டத்துக்குள் நின்றுதான் யோசித்தார்கள். ஆனால் ஒரு கேள்வி அங்கே முட்டிக்கொண்டு நின்றது. பெரிய துகளுக்கும் சிறிய துகளுக்கும், கனமானதற்கும் இலேசானதற்கும், அந்தப் போர்வை எப்படி இம்மி பிசகாமல் ஒரே அளவு தடிக்கும்?

வேறொரு விடை ஏற்கனவே அச்சில் இருந்தது. 1738-ல், ஸ்ட்ராஸ்பூர்க்கில் வெளியான ஒரு லத்தீன் நூல். எழுதியவர் பாசெல் நகரத்து டேனியல் பெர்னூலி. நீரின் ஓட்டத்தைப் பற்றிய நூல் அது. அதன் பத்தாம் பகுதியில் காற்றைப் பற்றிச் சில பக்கங்கள். அமோந்தோனின் சோதனையையும் அங்கே எடுத்துப் பேசுகிறார். துகள்கள் நிற்கவில்லை, ஓயாமல் பாய்கின்றன, சுவரில் மோதுகின்றன, அந்த மோதல்தான் அழுத்தம் என்று பெர்னூலி எழுதியிருந்தார்.

கே-லூசாக் குடுவையை உலர்த்தியபோது அந்தப் பக்கங்களுக்கு 64 வயது. பாரிஸிலும் மான்செஸ்டரிலும் அத்தனை கூர்மையான மூளைகள் அந்தப் புதிரோடு மல்லாடிக்கொண்டிருந்தன. விடையைக் கையில் வைத்திருந்த நூலை ஏன் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை? பார்த்தவர்கள் ஏன் நம்பவில்லை?

(அடுத்த வாரம்)